அழுந்தாத வேப்பிலை

காலை ஆறு நாற்பதுக்குக் கோயில் மணி அடிக்க வேண்டிய செல்லையன் மணிக்கயிற்றை விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்து கத்தினார்.

"எலே, ஓடி வாங்க! அடக்கப் புஸ்தகத்தக் காணல்ல!"

1954 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில், தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்தக் கிறிஸ்தவ மிஷன் கோயில். பக்கத்து அறையில் ஒரு தேக்கு அலமாரி. அதில் ஊரில் யார் செத்தார்கள், என்ன வயது, என்ன நோய், அதாவது ஊர்ப் பேச்சில் என்ன தீனம் என்று எழுதிய தடித் தடியான இரண்டு புத்தகங்கள். முதலாவது 1889 முதல் 1920 வரை. இரண்டாவது 1921 முதல் போன மாதம் வரை. இரண்டாவதைத்தான் காணவில்லை.

வேறு ஏதாவது வருஷமாக இருந்திருந்தால் "கரையான் தின்னிருக்கும், தேடுங்க" என்று சொல்லிவிட்டு ஆளாளுக்குப் பல் தேய்க்கப் போயிருப்பார்கள். இது எல்லைப் போராட்ட வருஷம். தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம்; கேரளத்தோடு இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. அந்த நாட்களில் யார் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் எதிர்க்கட்சிக்காரன்தான் பிடித்துக்கொண்டு போனான். ஊர் அப்படித்தான் நம்பியது.

மறுநாள் திங்கட்கிழமை இந்தப் புத்தகங்களை, மாநில எல்லைகளை விசாரிக்கிற கமிஷனுக்குக் காட்ட எடுத்துப் போவதாக இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்பே இந்த ஊர் தன் சாவுகளைத் தமிழில்தான் எழுதி வைத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி ஏது? ஆகவே, தமிழ்க் கட்சியின் உள்ளூர்த் தலைவர் ஞானையன் ஆறு ஐம்பத்தைந்துக்கே வந்து தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"கனகதாஸாக்கும் எடுத்தது! நேத்து சாயங்காலம் அவன் இந்த அறையில தனியா நிண்ணான்லா?"

கனகதாஸ் காட்டாக்கடையில் பள்ளிக்கூட வாத்தியார். கேரளத்தோடு இருப்பதே நல்லது என்று மேடையேறிப் பேசியவன். அதைவிடப் பெரிய சங்கதி, அவன் செல்லையனுக்கு மருமகனாக வரப்போகிறவன். செல்லையனின் மகள் தங்கபாய்க்கும் அவனுக்கும் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. 'இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று சபையில் மூன்று ஞாயிறு கேட்பது வழக்கம். மூன்றாவது ஓலை இன்று, பத்து மணி ஆராதனையில்.

ஏழு இருபதுக்குப் போலீஸ் ஜீப் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதன் மறுநாள் கடையடைப்புக்கான காவலுக்காக சாலை முக்கில்தான் நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். அவருக்குப் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், ராஜபாயும் அறைக்குள் நுழைந்தாள்.

ராஜபாய்க்கு முப்பத்தெட்டு வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோயிலுக்கு நாலு வீடு தள்ளித்தான் வீடு. யாராவது "வயித்து வலி" என்று வந்தால், முந்தின நாள் அவர்கள் எந்தக் கல்யாண வீட்டில் எத்தனை வடை தின்றார்கள் என்பதுவரை கண்டுபிடித்துவிடுவாள். ஊரில் அவளைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் இன்று அவள் வந்ததற்குக் காரணம் வேறு. அந்தப் புத்தகத்தைக் கடைசியாக உட்கார்ந்து படித்தவள் அவள்தான்.

மூன்று வாரத்துக்கு முன்பு பெரிய டாக்டர் அவளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். சுற்றிலும் உள்ள கோயில்களின் அடக்கப் புத்தகங்களைப் பார்த்து, நாற்பது வயதுக்குள் புற்றுநோயில் செத்தவர்களை எண்ண வேண்டும். "சின்ன வயசுக்காரங்க இப்ப அதிகமா வர்றாங்கன்னு எனக்குத் தோணுது. தோணுறது போதாது, எண்ணிப் பாரு" என்றார். ஒரு சனிக்கிழமை முழுவதும் ராஜபாய் இந்த அறையில் உட்கார்ந்து எண்ணினாள். 1920-களில் இரண்டு பேர். 1930-களில் நாலு. அதற்குப் பிறகு பதினொன்று. நடுவில் தங்கபாய் கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதோ கேட்டாள். எண்ணிக்கை தவறிவிடுமே என்று, தலையைத் தூக்காமலே, "பெறகு மக்கா" என்றாள் ராஜபாய்.

சப் இன்ஸ்பெக்டர் விசாரணையைத் தொடங்கினார்.

"அலமாரிப் பூட்டு?"

"பூட்டினபடியே இருந்து ஏமானே" என்றார் செல்லையன்.

"சாவி?"

"கதவுக்குப் பின்னால ஆணியில. எல்லாருக்கும் தெரியும்."

"இந்த அறைச் சாவி?"

"எனக்க கையிலயாக்கும்."

"கடைசியா அலமாரியத் திறந்தது யாரு?"

"நேத்து நாலு மணிக்கு எனக்க மக தங்கம். சனிக்கிழமதோறும் தொடச்சு, பழைய வேப்பிலையக் களஞ்சு புதுசு பரத்துவா. பூச்சி வராதுல்லா. புஸ்தகம் இல்லேங்கி அப்பமே சொல்லியிருப்பாளே."

"அவளுக்குப் பிறகு?"

செல்லையன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அஞ்சரைக்கு மருமவன் வந்தாரு. அவருக்க சபையில ஓலை வாசிச்ச சீட்டு கொண்டு வந்தாரு. நான் மணியடிக்கப் போனப்போ கொஞ்ச நேரம் இங்க இருந்தாரு. பெறகு நாங்க ரெண்டுபேரும் இருட்டுறதுவரை பேசிட்டிருந்தோம். பூட்டிட்டுப் போனோம்."

"போதும்லா சார்!" என்றார் ஞானையன். "எனக்க பயலுக ஒக்கெ ரோட்டுல நிக்கியானுவ. அவன் ஓலை கேக்க வந்தா காலு ரெண்டும் இருக்காது."

காந்திமதிநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கனகதாஸ் திருடனோ இல்லையோ, அவனைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்தால் அடிதடி மிச்சம். ஆனால் போலீஸ் பிடித்த வாத்தியாருக்கு வேலை போகும். வேலை போனவனுக்குக் கல்யாணமும் போகும். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"சார், பத்து மணிவரை பொறுங்க" என்றாள் ராஜபாய்.

"பத்து மணிக்கு என்ன சிஸ்டர் வரும்?"

"ஒண்ணும் வரல்லேங்கி நீங்க கொண்டு போங்க. நான் தடுக்கல்ல."

"ஒம்பதே முக்கால். அதுக்குமேல ஒரு நிமிஷம் கிடையாது" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

ஏழு ஐம்பது. எல்லாரும் வெளியே போன பிறகு ராஜபாய் அலமாரி முன் நின்றாள். முதல் புத்தகம் தன் இடத்தில் அப்படியே இருந்தது. அது ஏன் இருக்கிறது என்ற கேள்விதான் அவளைக் குடைந்தது. தமிழுக்குச் சாட்சி என்றால் பழசுக்குத்தானே மதிப்பு? அதை அழிக்க வந்தவன் 1889-ஐ விட்டுவிட்டு 1921-ஐயா தூக்கிக்கொண்டு போவான்? படித்த வாத்தியார் அவ்வளவு மண்டூகமா?

முதல் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். அதன் அடியில் வேப்பிலைகள் தட்டையாக நசுங்கிப் பலகையோடு ஒட்டியிருந்தன. ஒரே இரவில் அந்தக் கனம் அவற்றை அப்பளமாக்கியிருந்தது. பக்கத்தில் இரண்டாம் புத்தகம் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கேயும் அதே இலைகள், அதே கொப்பு. ஆனால் அவை துளிகூட நசுங்காமல் சுருண்டு நிமிர்ந்து கிடந்தன.

ராஜபாய் வெகுநேரம் அந்த இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முதல் புத்தகத்தை மெதுவாகப் பழைய இடத்தில் வைத்தாள். அவளுக்குத் துக்கமாக இருந்தது, ஏனென்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

எட்டு ஐந்து. கிணற்றங்கரையிலிருந்து தங்கபாய் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். இருபத்தொரு வயது. சின்னப் பிள்ளையிலிருந்தே குடம் இடது இடுப்பில்தான் ஏறும், வலது கை வீசி நடப்பாள். இன்று குடம் வலது இடுப்பில் இருந்தது. பழக்கமில்லாததால் தண்ணீர் தளும்பிப் பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

"கையில என்ன மக்கா?"

"ஒண்ணும் இல்லக்கா. சுளுக்கு."

சரியாக அந்த நொடியில்தான், மூன்று வாரத்துக்கு முன்பு காதில் விழுந்தும் மனதில் ஏறாத கேள்வி ராஜபாய்க்குத் திரும்பக் கேட்டது. கட்டன்சாயாவை வைத்துவிட்டு அந்தப் பெண் கேட்டது இதைத்தான்: 'அக்கா, எனக்க அம்மெக்கு எத்தர வயசுண்ணு அதுல எழுதியிருக்கு?'

"வா" என்றாள் ராஜபாய். குடத்தை அவளே வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லையன் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"புஸ்தகம் எங்க மக்கா?"

தங்கபாயின் கண் ஒருமுறை நெல் குதிர் பக்கம் போய்வந்தது.

"உன்னெத் திட்ட வரல்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. நீ எடுத்த புஸ்தகத்துக்காக கனகதாஸைப் பிடிச்சுக் கொண்டு போகப் போறாங்க."

"அய்யோ, அவர எதுக்கு?" பெண் பதறி எழுந்தாள். குதிருக்குள் கையை விட்டு, துடைக்கிற துணியில் பொதிந்திருந்த புத்தகத்தை எடுத்தாள். "நான் தண்ணிக்குப் போயிருந்தேன்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்பமே போய்ச் சொல்லுதேன். நான்தான் எடுத்தேண்ணு சொல்லுதேன்."

"இரு. முதல்ல எனக்குச் சொல்லு."

அவள் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்பு குளிக்கும்போது இடது மாரில் ஒரு கட்டி கையில் தட்டியது. அம்மா காய்ச்சலில் போனாள் என்றுதான் அப்பன் இத்தனை வருஷமும் சொல்லியிருந்தார். ஆனால் ராஜபாய் அக்கா எழுதுவது எந்தத் தீனக்காரர்களின் பெயர்களை என்று ஊருக்கெல்லாம் தெரியும்; அதில் அம்மாவின் பெயரை எழுதியதை, சாயா வைக்கும்போது தங்கபாய் தன் கண்ணாலேயே பார்த்தாள். நேற்று அலமாரி துடைக்கும்போது பக்கத்தைத் தேடினாள். கிடைப்பதற்குள் அப்பன் கூப்பிட்டார். துணியோடு சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். சாயங்காலம் திருப்பி வைக்கப் போனால், அறைக்குள் அப்பனும் அவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சியா?"

"அம்மெக்கு முப்பத்திமூணு. ஆனந்தபாய் சித்திக்கு இருபத்தொம்பது. ரெண்டுபேருக்கும் மாருல தீனம்ணு எழுதியிருக்கு." தங்கபாய் புத்தகத்தைத் தள்ளி வைத்தாள். "எனக்கு இருபத்தொண்ணு. வயசு கொறஞ்சு கொறஞ்சு வருதேக்கா."

ராஜபாய் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நர்ஸ்கள் நோயாளி முன் அழக் கூடாது என்பது விதி. ஆனால் இது ஆஸ்பத்திரி இல்லை.

"கேளு மக்கா. மூணு பேர வச்சுக் கணக்குப் போடப்படாது. நான் ஊர் ஊரா எண்ணியும் எனக்கே தெரியல்ல, இந்தத் தீனம் நெசமாவே கூடுதா, இல்ல நாங்க இப்பதான் அதுக்குப் பேர் சொல்லப் படிச்சோமாண்ணு. பழைய புஸ்தகத்துல 'ஆறாத புண்'ணு எழுதினது எத்தனையோ உண்டு. அது என்ன புண்ணுண்ணு யாரு கண்டா? ஆனா ஒண்ணு எனக்கு நிச்சயமாத் தெரியும். உனக்க அம்மெ ஒண்ணரை வருஷம் மறைச்சு வச்சா. நீ ரெண்டு மாசத்துல வாற."

பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு அவளைப் பரிசோதித்தாள். நெல்லிக்காய் அளவு கட்டி. அழுத்தினால் விரலுக்கு வழுக்கி ஓடியது.

"ஒட்டிப் பிடிச்சிருந்தா எனக்கு ரொம்பப் பயமா இருக்கும். இது ஓடுது. அதுக்குமேல நான் சொல்லமாட்டேன், டாக்டர் சொல்லணும். இன்னைக்கே போறோம்."

"ஓலை?"

"அது நீயும் அவனும் தீர்மானிக்கணும்."

ஒன்பது இருபது. கோயிலுக்குப் பின்னால், அயனிமரத்தடியில், ரோட்டில் வராமல் தோப்புக்குள் புகுந்து வந்திருந்த கனகதாஸிடம் தங்கபாய் எல்லாவற்றையும் சொன்னாள். புத்தகம் எடுத்தது, அம்மா, சித்தி, கட்டி. மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டாம், உங்கள் ஜீவிதம் கெட வேண்டாம் என்றாள். ராஜபாய் நாலடி தள்ளி நின்று வேறு எங்கோ பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் இங்கே சுருக்கமாகச் சொன்னான்: "கட்டி உனக்குத்தானே தங்கம் வந்திருக்கு? ஓலைக்கு வரல்லியே. அது பாட்டுக்கு வாசிக்கட்டும்."

ராஜபாய் அவன் கட்சியை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டாள்.

ஒன்பது நாற்பது. அறையில் சப் இன்ஸ்பெக்டர், செல்லையன், ஞானையன். வாசலில் பாதி ஊர். ராஜபாய் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"முதல்ல கனகதாஸ் எடுக்கல்லேங்கிறதுக்குச் சாட்சி" என்றாள். அலமாரியைத் திறந்து பழைய புத்தகத்தைத் தூக்கினாள். "இங்க இலை நசுங்கியிருக்கு. அங்க நசுங்கல்ல. அப்படீண்ணா நேத்து நாலு மணிக்கு இலை பரத்தினதுக்குப் பிறகு ரெண்டாம் புஸ்தகம் அங்க இருக்கவே இல்ல. கனகதாஸ் வந்தது அஞ்சரைக்கு. இல்லாத புஸ்தகத்த எப்படி எடுப்பாரு? அதும் போக, எல்லைச் சண்டைக்குப் புஸ்தகம் திருட வாறவன் பழசையாக்கும் எடுப்பான், புதுச இல்ல. இதுல எல்லையும் இல்ல, கமிஷனும் இல்ல. நாமதான் இந்த வருஷம் எதக் கண்டாலும் அப்படியே நெனைக்கோம்."

வாசலில் சலசலப்பு அடங்கியது. ஞானையன் இலைகளைக் குனிந்து பார்த்தார். விரலால் ஒன்றைத் தொட்டும் பார்த்தார்.

"அப்ப எடுத்தது யாரு?"

"நான்தான். எண்ணிக்கை முடியல்ல, வீட்டுக்குக் கொண்டு போனேன். சொல்ல மறந்துட்டேன். தப்பு எனக்க பேருல."

ஞானையன் அரை மணி நேரத்துக்குத் தேவையான திட்டை ஐந்து நிமிஷத்தில் திட்டித் தீர்த்தார். படித்த பெண்பிள்ளைகளின் திமிர், ஆஸ்பத்திரிக்காரர்களின் அலட்சியம் எல்லாம் வந்தது. ராஜபாய் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். மணி அடித்தது. எல்லாரும் கோயிலுக்குள் போனார்கள்.

காந்திமதிநாதன் மட்டும் போகவில்லை.

"சிஸ்டர், நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு நீங்க யூனிபாரத்தோட ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினத நான் முக்குல நின்னு பாத்தேன். நாலு மணிக்கு இங்க எப்படி வந்தீங்க? எல இட்டது ஒருத்தி, எடுத்தது வேற ஒருத்தியா?"

ராஜபாய் அவரை நேராகப் பார்த்தாள்.

"மூணு வாரத்துக்கு முன்ன ஒரு பிள்ளை எனக்கிட்ட ஒரு கேள்வி கேட்டுது சார். நான் தலையத் தூக்கிப் பதில் சொல்லியிருந்தா இந்தப் புஸ்தகம் அலமாரிய விட்டே போயிருக்காது. செத்தவங்கள எண்ணுற மும்முரத்துல, முன்னால உயிரோட நிண்ணவளப் பாக்கல்ல. அதனால குற்றவாளி நான்தான். பொய் சொல்லல்ல." பிறகு மெதுவாகச் சேர்த்தாள். "அவள இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். முக்குல பஸ்ஸ நிறுத்தியாச்சு. நாளைக்குக் கடையடைப்பு."

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு கல்யாணசுந்தரின்னு ஒரு தங்கச்சி உண்டு. இருந்தா. முப்பத்தோரு வயசுல போயிட்டா. இன்னைக்கும் எங்க வீட்டுல காய்ச்சல்னுதான் சொல்லுவோம்." அவர் மேசைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். "அவ பேரு இந்த மாதிரி எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது."

ராஜபாய்க்கு அவர் கையைத் தொட வேண்டும்போல் இருந்தது, தொடவில்லை.

"ஆராதன முடியட்டும்" என்றார் அவர். "ஜீப் நிக்கும்."

பத்து நாற்பதுக்கு மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. தடை யாரும் சொல்லவில்லை. பதினொன்றரைக்கு தங்கபாயும் ராஜபாயும் போலீஸ் ஜீப்பின் பின்னால் ஏறினார்கள். அப்போதுதான் விஷயம் தெரிந்த செல்லையன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப் பயமாயிருக்கும்ணுதான் மக்கா காய்ச்சல்ணு சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கனகதாஸ் முன்னால், சப் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஜீப் போவதைப் பார்த்த ரோட்டோரத்துப் பையன்கள், கடைசியில் வாத்தியாரைக் குடும்பத்தோடு பிடித்துவிட்டார்கள் என்று கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரி தெற்கே இருந்தது, தமிழ்க் கட்சிக்குப் பலமுள்ள பக்கம். "பேசின பேச்சுக்கு உங்களுக்கு இந்தப் பக்கம் வரலாமாவே?" என்று காந்திமதிநாதன் சீண்டினார். கனகதாஸ் பின்னால் திரும்பி தங்கபாயைப் பார்த்தான். "இவளுக்கு மருந்து கிட்டுற இடம் எதுவோ அது என் ராஜ்யம் சார்" என்றான்.

கட்டியைப் பெரிய டாக்டர் செவ்வாய்க்கிழமை எடுத்தார். பரிசோதனைக்கு வெளியூர் அனுப்பி, பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் எல்லையில் என்னென்னவோ நடந்தது. ராஜபாய் ஒவ்வொரு நாளும் தபால்காரரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்த அன்று அவளே அதை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெறும் கட்டி. புற்று இல்லை. "ஆனா அம்மாவுக்கும் சித்திக்கும் இருந்ததால வருஷா வருஷம் வந்து காட்டணும்" என்றார் டாக்டர். "வருவா. நான் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ராஜபாய் துணி அலமாரிக்குப் பின்னால் போய் நன்றாக அழுதாள்.

செப்டம்பரில் கல்யாணம். ஞானையன்தான் பந்தியில் நின்று பரிமாறினார்.

அடுத்த சனிக்கிழமை ராஜபாய் கோட்டுகால் பக்கம் இன்னொரு கோயிலின் அடக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். 1930-கள் முடிந்து 1940-கள் தொடங்கியிருந்தன. ஏழு, எட்டு, ஒன்பது. வாசலில் நிழல் தட்டியது. கையில் சாயாவோடு ஒரு பெண், முப்பது வயது இருக்கும்.

"அக்கா, ஒரு காரியம் கேக்கட்டா?"

ஒன்பதா, பத்தா? எண்ணிக்கை தவறிப்போனது. ராஜபாய் பேனாவை மூடினாள், புத்தகத்தையும் மூடினாள், பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இரி மக்கா. கேளு."